மண்ணை ஏற்றுவதா, கொடியை ஏற்றுவதா? சிறிய இடத்தில் உயரமாகக் காய்கறி வளர்க்கும் வழிகள்

சிறிய இடத்தில் காய்கறி போட நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது சுவரில் மாட்டும் பைத்தொட்டியைத்தான். நானும் அதில்தான் ஆரம்பித்தேன். தடித்த துணியில் ஆறு வரிசை, வரிசைக்கு நான்கு பை, ஆக மொத்தம் 24 பை. நான்கு திருகாணியில் சுவரில் மாட்டிக் கீரையும் லெட்டூஸும் நட்டேன். முதல் பத்து நாள் பார்க்கவே அவ்வளவு அழகு. வந்தவர்கள் எல்லாரும் படம் எடுத்தார்கள்.

மூன்றாவது வாரம் குட்டு வெளிப்பட்டது. மேல் வரிசைக் கீரை காலையில் நிமிர்ந்து நிற்கும், மதியத்துக்குள் தலை தொங்கிவிடும். கீழ் வரிசையிலோ மண்மேல் பாசி படர்ந்து, விரல் வைத்தால் கொழகொழவென்று இருந்தது. ஊற்றியது ஒரே பூவாளித் தண்ணீர்தான். மேலே தாகம், கீழே அழுகல். இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் தண்ணீர் ஊற்றிய கையோடு மேல் திருகாணி ஒன்று சுவரைப் பெயர்த்துக்கொண்டு வந்தது. பைக்குப் பின்னால் சுவர் முழுக்க ஈரம் ஊறிக் கறுத்திருந்தது.

வாங்கும்போதே போட வேண்டிய கணக்கை அப்புறம்தான் போட்டேன். ஒரு பையில் இரண்டரை லிட்டர் மண் என்றால் 24 பைக்கு 60 லிட்டர். தேங்காய் நார்க்கழிவு கலந்த லேசான கலவைகூட நனைந்தால் லிட்டருக்குச் சுமார் ஒரு கிலோ வரும். வெறும் தோட்ட மண்ணானால் ஒன்றரை கிலோவுக்கும் மேல். 60 முதல் 90 கிலோ வரையான எடையை நான்கு திருகாணியில் தொங்கவிட்டிருக்கிறேன்!

உயரமாகச் செடி வளர்க்கக் கடையிலும் இணையத்திலும் ஏகப்பட்ட சாமான்கள் இருந்தாலும், அடிப்படையில் வழி இரண்டுதான். ஒன்றில் மண்ணையே மேலே ஏற்றுகிறோம்: சுவர்ப்பை, குழாய்க் கோபுரம், அடுக்குத் தொட்டி எல்லாம் இந்த ரகம். இன்னொன்றில் மண் தரையிலேயே இருக்கும், செடி மட்டும் ஏறும்: வலை, கயிறு, பந்தல். இரண்டையும் பல பருவம் செய்து பார்த்த பிறகு என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காய் வேண்டுமானால் கொடியை ஏற்றுங்கள். மண்ணை ஏற்றும் சாதனங்கள் கீரைக்கு மட்டும், அதுவும் சில இடங்களில் மட்டும்தான் சரிப்படும். காரணங்களைப் பார்ப்போம்.

மண் மேலே போனால் தண்ணீர் என்ன செய்கிறது

எந்தத் தொட்டியிலும், அடியில் எத்தனை ஓட்டை போட்டாலும், தண்ணீர் முழுக்க வடிந்துவிடாது. மண் துகள்கள் பஞ்சு மாதிரி பிடித்துக்கொள்வதால் அடியில் சில சென்டிமீட்டர் உயரத்துக்கு ஈரம் தேங்கியே நிற்கும். இதில் கவனிக்க வேண்டியது, அந்த ஈரப் படலத்தின் கனம் தொட்டியின் உயரத்தைப் பொறுத்ததல்ல என்பது. கலவை ஒன்றாக இருந்தால், 30 சென்டிமீட்டர் ஆழத் தொட்டியிலும் மூன்று நான்கு சென்டிமீட்டர்தான், 12 சென்டிமீட்டர் ஆழப் பையிலும் அதே மூன்று நான்கு சென்டிமீட்டர்தான். ஆழமான தொட்டியில் அது பத்தில் ஒரு பங்கு. வேர் அதற்கு மேலே பிழைத்துக்கொள்ளும். ஆழமில்லாத பையில் அதுவே மூன்றில் ஒரு பங்கு. வேர் போக வேறு இடமே இல்லை.

(அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று பலர் சொல்வார்கள். வடியாது. ஜல்லிக்கு மேலே இருக்கும் மண்ணில் அதே ஈரப் படலம் இன்னும் உயரத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான்.)

ஒரே பை அழுகவும் செய்கிறது, காயவும் செய்கிறது என்ற வேடிக்கை இங்கேதான் தொடங்குகிறது. இரண்டரை லிட்டர் மண்ணில் செடி உறிஞ்சிக்கொள்ளக்கூடிய தண்ணீர் அரை லிட்டரைச் சுற்றித்தான் இருக்கும். நல்ல வெயிலில் நன்கு வளர்ந்த ஒரு செடி அதை ஒரே நாளில் குடித்துத் தீர்த்துவிடும். ஒரு வேளை தண்ணீர் தவறினால் அன்றைக்கே வாடல். 20 லிட்டர் பையில் நான்கைந்து லிட்டர் கையிருப்பு இருப்பதால், நீங்கள் ஒரு நாள் மறந்தாலும் அது மன்னித்துவிடும்.

சொட்டுநீர் போட்டால் தீர்ந்ததா? மேலே ஒரு சின்னத் தொட்டியை வைத்து அதிலிருந்து குழாய் இழுப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தண்ணீரின் அழுத்தம் பத்து மீட்டர் உயரத்துக்குச் சுமார் ஒரு பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) என்ற கணக்கில்தான் ஏறும். தொட்டி மேல் வரிசைக்கு அரை மீட்டர் உயரத்தில் இருந்தால் மேல் வரிசைச் சொட்டிக்கு (நீர் சொட்டும் சிறு முனைக்கு) கிடைப்பது 0.05 பார். ஒன்றரை மீட்டர் கீழே இருக்கும் கடைசி வரிசைக்கு 0.2 பார், அதாவது நான்கு மடங்கு. ஏற்கெனவே மேலிருந்து வடிவதையும் வாங்கிக்கொள்ளும் கீழ் வரிசைதான் குழாயிலிருந்தும் கூடுதலாக வாங்கும். அழுத்தத்தைச் சமன்படுத்தும் சொட்டிகள் இருக்கின்றன. ஆனால் அவை வேலை செய்யவே ஓரளவு அழுத்தம் வேண்டும். இந்தச் சின்னத் தொட்டி அதைத் தராது. வரிசைக்கு ஒரு அடைப்பான் வைத்துத் தனித்தனியாகத் திருகிச் சரிசெய்வதே நடைமுறை வழி. மொத்தத்தில் தரையில் இருக்கும் தொட்டிக்குத் தேவையே இல்லாத ஒரு வேலையை உயரம் உங்கள் தலையில் கட்டிவிடுகிறது.

சுவர்ப்பை

செடி மூடிய சுவர் என்ற யோசனை புதிதல்ல. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டான்லி ஹார்ட் வைட் 1938இலேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். பிற்பாடு பிரெஞ்சுத் தாவரவியலாளர் பாட்ரிக் பிளாங்க் துணிப் படலத்தில் செடிகளை நட்டுப் பெரிய கட்டடங்களின் முகப்பையே பச்சையாக்கிக் காட்டினார். நம்மை மயக்குவது அந்தப் படங்கள்தான். ஆனால் அந்தச் சுவர்களில் இருப்பவை அழகுச் செடிகள். மோட்டார் வைத்து வேளை தவறாமல் சத்துநீர் சொட்டவிடுகிறார்கள். பராமரிப்புக்கு ஆள் இருக்கிறது. மண்ணை நிரப்பிப் பூவாளியால் ஊற்றும் 24 பைக்கும் அதற்கும் பெயரில் மட்டும்தான் உறவு.

சுவர்ப்பை வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. காலை வெயில் மட்டும் மூன்று நான்கு மணி நேரம் விழும் சுவரானால், இரண்டே வரிசை, மார்பு உயரத்தில், பைக்கும் சுவருக்கும் நடுவே விரற்கடை இடைவெளி விட்டு மாட்டி, புதினா, கொத்தமல்லி போன்றவற்றைக் கிள்ளிக் கிள்ளி எடுத்துக்கொள்ளலாம். மேற்கு வெயில் விழும் சுவர் என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். பகல் முழுக்கச் சூடேறிய சுவர் பொழுது சாய்ந்தும் பல மணி நேரம் வேரை வேகவைக்கும்.

குழாய்க் கோபுரம்

பிவிசி குழாயை நிறுத்தி, பக்கவாட்டில் ஓட்டை போட்டு, ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு செடி. வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்பதால் பலருக்கும் பிடித்தது. இதிலும் கொஞ்சம் கணக்கு. 110 மில்லிமீட்டர் குழாயை ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு நிறுத்தினால் உள்ளே பிடிக்கும் மண் 14 லிட்டர்தான். அதில் 15 ஓட்டை போட்டால் செடிக்கு ஒரு லிட்டர்கூட இல்லை. அதே உயரத்தில் 200 மில்லிமீட்டர் குழாய் எடுத்தால் 45 லிட்டருக்கு மேல் பிடிக்கும். செடிக்கு மூன்று லிட்டர் கிடைக்கும். கோபுரம் கட்டுவதானால் குறுகிய குழாயை விட்டுவிடுங்கள். கையில் மீந்த குழாய் இருக்கிறதே என்று ஆரம்பித்த கோபுரங்கள் எல்லாம் ஒரு பருவத்தோடு மூலைக்குப் போனதைத்தான் பார்த்திருக்கிறேன்.

நடுவில் ஓட்டை போட்ட மெல்லிய குழாய் ஒன்றைச் சொருகி அதில் தண்ணீர் ஊற்றினால் ஈரம் ஓரளவு சமமாகப் பரவும். வெயிலுக்கும் ஒரு ஏற்பாடு வேண்டும். உருளை எப்படி நின்றாலும் பாதி நிழலில்தான் இருக்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கால் சுற்று திருப்பிவிட வேண்டும். 50 கிலோ கோபுரத்தை யார் திருப்புவது? நிரப்புவதற்கு முன்பே சக்கரத் தட்டில் நிறுத்தியவர்கள் புத்திசாலிகள். ஸ்ட்ராபெரி, லெட்டூஸ், சிறு கீரைகளுக்கு இது சரி. கத்தரி, மிளகாய், தக்காளியை இதில் நடுவது பாவம்.

படித்தட்டு

மண்ணை ஏற்றும் வழிகளில் எனக்குப் பிடித்தது இதுதான். படிக்கட்டு மாதிரி மூன்று நான்கு தட்டு, ஒவ்வொன்றிலும் 20 சென்டிமீட்டர் ஆழமுள்ள நீளத் தொட்டி. எடை சுவரில் தொங்காமல் கால்கள் வழியாகத் தரைக்கு இறங்கிவிடும். ஒவ்வொரு தொட்டியையும் தனியாகக் கவனிக்கலாம், வாடினால் தனியாக மாற்றலாம். கீரைகளுக்கு 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழம் போதும், நன்றாகவே வரும்.

படியாகச் சரிந்த தட்டா, நேராக நிற்கும் அலமாரியா என்பதை வெயில் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். திறந்த மாடியில் வெயில் தலைக்கு மேலிருந்து இறங்கும். அங்கே அலமாரி வைத்தால் மேல்தட்டு மட்டும் பிழைக்கும், கீழ்த்தட்டுகள் வெளிறிப்போகும். படியாகச் சரிந்ததுதான் சரி. கூரை போட்ட பால்கனியில் வெயில் பக்கவாட்டில் நுழைகிறது. அங்கே நேர் அலமாரியிலும் எல்லாத் தட்டும் வெளிச்சம் வாங்கும், இடமும் மிச்சம். மூன்று படித்தட்டுக்கு முக்கால் மீட்டராவது தரை வேண்டும் என்பதால், இதில் இடம் மிச்சமாகிறது என்று சொல்வதே கொஞ்சம் மிகைதான்.

தொங்கும் தொட்டிகளைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. நாலாப் பக்கமும் காற்றடிப்பதால் மற்ற எதையும்விட வேகமாகக் காயும். கீழ்நோக்கித் தொங்கும் செர்ரி தக்காளி ரகத்துக்கு ஒன்றிரண்டு மாட்டலாம். பால்கனிக் கம்பியில் மாட்டும் தொட்டிகளை உள்பக்கமாக மாட்டுங்கள். கீழே ஆள் நடக்கும் இடம் என்றால் இதில் பேச்சுக்கே இடமில்லை.

சரக்கு ஏற்றும் மரப்பலகைத் தட்டை நிமிர்த்தி வைத்து இடுக்குகளில் மண் நிரப்புகிறவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் பலகையின் முத்திரையைப் பாருங்கள். நாடு விட்டு நாடு போகும் மரச் சட்டங்களுக்குச் சர்வதேச விதிப்படி கோதுமைக் கதிர்ச் சின்னத்தோடு முத்திரை இருக்கும். அதில் ‘எச்டி’ என்றிருந்தால் சூடாக்கிப் பூச்சி நீக்கியது, பயன்படுத்தலாம். ‘எம்பி’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது. சாப்பிடும் செடிக்கு வேண்டாம். முத்திரையே இல்லாமல் எண்ணெய்க் கறை படிந்ததும் வேண்டாம்.

மண்ணில்லாக் கோபுரம்

அடியில் தொட்டி, நடுவில் மோட்டார், மேலிருந்து சத்துநீர் வேர் மேல் வழிந்து மறுபடியும் தொட்டிக்கே வரும். மண் இல்லாததால் எடைப் பிரச்சினையும், மேல்வரிசை கீழ்வரிசைப் பிரச்சினையும் பெரும்பாலும் தீர்ந்துவிடுகின்றன. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒரு சதுர மீட்டருக்குள் 30 செடி நிற்கும். லெட்டூஸ் ஐந்தாறு வாரத்தில் அறுவடைக்கு வரும். 1930களில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் கெரிக் சத்துநீரில் 25 அடி உயரத் தக்காளிக் கொடி வளர்த்துக் காட்டியதிலிருந்தே மண்ணில்லா விவசாயத்துக்கு ரசிகர்கள் உண்டு.

ஆனால் இதில் தோட்டக்காரர் பாதி, ஆய்வுக்கூட உதவியாளர் பாதி. நீரின் அமில காரத்தன்மையை (பிஎச் அளவை) 5.5க்கும் 6.5க்கும் நடுவில் வைத்திருக்க வேண்டும். தினமும் இல்லாவிட்டாலும் வாரத்தில் இரண்டு மூன்று முறை அளக்க வேண்டும். வெப்பமான ஊர்களில் உண்மையான எதிரி தொட்டி நீரின் சூடு. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீரில் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 30 டிகிரியில் அது ஏழரைதான். ஆக்சிஜன் குறைந்த வெதுவெதுப்பான நீர் வேரழுகல் பூஞ்சைக்குக் கல்யாண வீடு. வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பாகிக் கையில் வழுக்கிக்கொண்டு வந்தால் கதை முடிந்தது. போதாக்குறைக்கு மின்சாரம் வேறு வேண்டும். மண்ணில் இருக்கும் செடி ஒரு நாள் தாக்குப்பிடிக்கும்; வேர் வெறுங்காற்றில் தொங்கும் கோபுரத்தில் கோடை நாளில் சில மணி நேர மின்வெட்டே போதும்.

கருவிகளை நோண்டுவதில் இன்பம் காண்பவர், நிறையக் கீரையும் லெட்டூஸும் சாப்பிடும் வீடு, தொட்டியை நிழலில் வைக்க இடம் எல்லாம் அமைந்தால் வாங்கலாம். காய்க்கொடிகளுக்காக வாங்காதீர்கள். வெள்ளரி வேர் ஒரு மாதத்தில் உள்ளே சடை பிடித்துக் குழாயை அடைத்துவிடும்.

கொடியை ஏற்றுதல்

இனி நான் விரும்பும் பக்கம்.

காலையில் ஐந்து நிமிடம் ஒதுக்கி ஒரு வெள்ளரிக் கொடியின் நுனியைப் பாருங்கள். பற்றுக்கம்பி ஒன்று நூல் மாதிரி நீண்டு, காற்றில் மெதுவாக வட்டம் போட்டுக்கொண்டிருக்கும். ஒரு கயிற்றில் பட்டதும் நுனி வளையத் தொடங்கும். மதியம் வந்து பார்த்தால் இரண்டு மூன்று சுற்று சுற்றிப் பிடித்திருக்கும். அடுத்த ஓரிரு நாளில் கயிற்றுக்கும் தண்டுக்கும் நடுவிலிருக்கும் பகுதி சுருள்வில்லாக மாறிக் கொடியைத் தூக்கி இழுத்துக்கொள்ளும். அந்தச் சுருளை உற்றுப் பார்த்தால் ஒரு பாதி வலப்பக்கமாகவும் மறு பாதி இடப்பக்கமாகவும் சுற்றியிருக்கும். நடுவில் திசை மாறும் இடத்தில் ஒரு சின்ன நேர்க்கோடு. இரண்டு முனையும் கட்டப்பட்ட கம்பி முறுக்காமல் சுருள வேண்டுமானால் அப்படித்தான் முடியும். காற்றடிக்கும்போது அந்த வில் நீண்டு சுருங்கிக் கொடியைக் காக்கும். இத்தனை வேலையையும் செடி தன் செலவில் செய்கிறது. நாம் கொடுத்தது ஒரு கயிறு.

எந்தச் செடி எப்படி ஏறுகிறது என்று தெரிந்தால் எதைக் கட்டுவது என்பது தானாகப் புரியும். வெள்ளரி, பாகல், புடலை, பீர்க்கு எல்லாம் பற்றுக்கம்பியால் பிடிப்பவை. அவற்றுக்கு மெல்லிய பிடி வேண்டும். பென்சிலைவிடத் தடித்த கம்பைக் கொடுத்தால் தடுமாறும். பீன்ஸும் காராமணியும் தண்டாலேயே சுற்றி ஏறும், ஒரு மூங்கில் கம்பு போதும். அவை மேலிருந்து பார்க்கும்போது கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் சுற்றுபவை. வழி தவறிய நுனியை எடுத்துவிடும்போது அதே திசையில் சுற்றிவிடுங்கள். மாற்றிச் சுற்றினால் பிரித்துக்கொண்டு விழும். தக்காளி ஏறவே தெரியாத செடி. அதை நாம்தான் கட்ட வேண்டும்.

வலை வாங்கும்போது கண்ணின் அளவைப் பாருங்கள். கை நுழையும் அளவுக்கு, 10 முதல் 15 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். நான் முதல் முறை சிறு கண் வலை வாங்கினேன். பிஞ்சு ஒன்று இலை மறைவில் கண்ணுக்குள் நுழைந்து, நான் பார்ப்பதற்குள் முற்றி, இடுப்பில் கயிறு கட்டிய மாதிரி இரண்டு பக்கமும் பிதுங்கி நின்றது. அறுவடைக்கு வலையைத்தான் வெட்டினேன். பருவம் முடிந்து காய்ந்த கொடியைச் சிறு கண் வலையிலிருந்து உருவுவது தனி நரகம். சணல் வலையானால் கொடியோடு சேர்த்து அப்படியே மட்கக் குழியில் போட்டுவிடலாம். நைலான் பல பருவம் உழைக்கும்.

தக்காளிக்குக் கயிறு முறைதான் இடத்தை மிச்சம் பிடிப்பது. மேலே ஒரு கம்பி, அதிலிருந்து செடிக்கு ஒரு கயிறு, கயிற்றைச் சுற்றி ஒரே தண்டு. இலைக்கக்கத்தில் வரும் பக்கத் துளிர்களை விரல் நீளம் வருவதற்குள் கிள்ளிவிட வேண்டும். வாரம் ஒருமுறை நுனியைக் கயிற்றில் ஒரு சுற்று சுற்றிவிட்டால் போதும். இப்படி வளர்த்தால் 40 சென்டிமீட்டருக்கு ஒரு செடி நிற்கும், காற்றோட்டம் இருப்பதால் இலை நோயும் குறையும். ஆனால் விதை வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்: தொடர்ந்து நீளும் கொடி வகைக்குத்தான் இந்தக் கிள்ளல். குட்டையாக நின்றுவிடும் புதர் வகையில் பக்கத் துளிரைக் கிள்ளினால் காய்க்கும் கிளையையே கிள்ளுகிறீர்கள்.

பந்தல் அழகுதான். புடலை நேராகத் தொங்கப் பந்தலைப்போல வேறொன்று இல்லை. ஆனால் பந்தல் நிரம்பியதும் அதன் கீழே இருக்கும் மொத்த இடமும் நிழல். பத்து சதுர மீட்டரே இருக்கும் தோட்டத்தில் பந்தல் போடுவது, மீதித் தோட்டத்தின் வெயிலை ஒரே கொடிக்கு எழுதிக்கொடுப்பது மாதிரி. கோடை மிகக் கடுமையான இடமானால் அந்த நிழலே வரம், கீழே கீரை பிழைக்கும். மற்ற இடங்களில் நிமிர்ந்த வலைதான் சிறிய தோட்டத்துக்குத் தோது. இரண்டு வலைகளை மேலே சேர்த்துக் கூடாரம் மாதிரி சாய்த்துக் கட்டுவது நடுவழி. காய் உள்பக்கம் தொங்கும், பறிப்பதும் சுலபம்.

காயின் எடைக்குப் பயப்பட வேண்டாம். வெள்ளரி, பாகல் எல்லாம் கால் கிலோவைச் சுற்றித்தான். சுரைக்காயின் காம்பு ஒன்றிரண்டு கிலோவை அலட்டிக்கொள்ளாமல் தாங்கும். முலாம்பழம் மட்டும் விதிவிலக்கு. பழுத்ததும் காம்பிலிருந்து தானே கழன்றுகொள்ளும் பழம் அது. பழைய துணியில் தூளி கட்டித் தாங்கவைக்காவிட்டால் ஒரு காலையில் தரையில் கூழாகக் கிடக்கும்.

தொட்டி விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. கொடிக்குக் குறைந்தது 20 லிட்டர், 30 சென்டிமீட்டர் ஆழம். இரண்டு கொடி என்றால் 40. ஐம்பது லிட்டர் நீளத்தொட்டியில் ஆறு விதை முளைத்தால் ஆறையும் விட்டுவைக்க மனம் சொல்லும். மூன்று இலை வந்ததும் நான்கைக் கிள்ளி எறியுங்கள். இரண்டு கொடி தரும் காய்க்கு ஆறு கொடி தரும் காய் ஒருபோதும் ஈடாகாது. இதை நான் மூன்று முறை பரிசோதித்துவிட்டேன், மூன்று முறையும் மனம் வராமல்.

கொடிக்கும் குறைகள் உண்டு. காய் வர ஏழெட்டு வாரம் காத்திருக்க வேண்டும். ஆண் பூ, பெண் பூ தனித்தனி என்பதால் தேனீ வர வேண்டும். பத்தாவது மாடிக்கு அது வருமா என்பது சந்தேகம். வராவிட்டால் ஆண் பூவைப் பறித்து, பின்புறம் குட்டிப் பிஞ்சு இருக்கும் பெண் பூவில் நாமே தொட்டுவைக்க வேண்டும். வெள்ளரிக்கும் பாகலுக்கும் காலையில் செய்யலாம். சுரை, பீர்க்கு, புடலையின் பூக்கள் பொழுது சாயும்போதும் இரவிலும் விரிபவை. காலை பத்து மணிக்குத் தேடினால் வாடிப்போயிருக்கும். இந்த வேலையே வேண்டாம் என்றால் மகரந்தம் சேராமலே காய்க்கும் வெள்ளரி ரகங்கள் இருக்கின்றன. தக்காளிக்கும் பீன்ஸுக்கும் இந்தக் கவலை இல்லை. தக்காளிப் பூங்கொத்தை விரலால் சுண்டிவிட்டாலே போதும்.

காற்றும் பாரமும்

வெறும் வலை காற்றை விட்டுவிடும். இலை நிரம்பிய வலை பாய்மரம். மணிக்கு 54 கிலோமீட்டர் வேகக் காற்று இரண்டு சதுர மீட்டர் பரப்பில் மோதினால், 25 கிலோவுக்கு மேல் எடை சாய்ந்து தள்ளுவது மாதிரி இருக்கும். காற்று இரட்டிப்பானால் தள்ளுவது நான்கு மடங்காகும். தொட்டியில் சொருகிய இரண்டு கம்பில் வலையைக் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. கம்பின் தலைப்பு கைப்பிடிக் கம்பியிலோ சுவர்க் கொக்கியிலோ கட்டப்பட்டிருக்க வேண்டும். முதல் மழைக்காற்றுக்கு முன்பே வலையைப் பிடித்து இரண்டு கையாலும் உலுக்கிப் பாருங்கள். ஆடினால் இறுக்குங்கள்.

பால்கனியின் தாங்கு திறனைப் பல நாடுகளின் கட்டட விதிகள் சதுர மீட்டருக்குச் சுமார் 250 முதல் 400 கிலோ வரை கணக்கிடுகின்றன. பழைய கட்டடத்துக்கு இந்தக் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். பெரிய தொட்டிகளை வெளி விளிம்பில் வரிசையாக அடுக்காமல் வீட்டுச் சுவரை ஒட்டி வைப்பது நல்லது. வலையையும் அங்கேயே கட்டினால், வெயில் விழும் பட்சத்தில், காற்றுக்கும் அது பாதுகாப்பு.

யாருக்கு எது

முதலில் வெயிலை எண்ணுங்கள். விடுமுறை நாள் ஒன்றில் மணிக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து, வைக்கப்போகும் இடத்தில் நேர் வெயில் விழுகிறதா என்று குறித்துக்கொண்டால் போதும். ஆறு மணி நேரத்துக்கு மேல் விழுந்து, 30 சென்டிமீட்டர் அகலத் தரைத் துண்டு இருந்தால் யோசிக்கவே வேண்டாம்: நீளத்தொட்டி, மேலே வலை, இரண்டு கொடி. மற்றச் செடிகளை மறைக்காத பக்கம் பார்த்துக் கட்டுங்கள். மூன்று நான்கு மணி நேரம்தான் என்றால் கொடி இலையாக மட்டும் வளரும், காய்க்காது. படித்தட்டில் கீரை போடுங்கள். மூன்றுக்கும் கீழே என்றால் எந்தச் சாதனமும் உதவாது. உயரம் இடத்தைக் கூட்டும், வெயிலைக் கூட்டாது.

அடிக்கடி வெளியூர் போகிறவர்களுக்குக் கோபுரமும் சுவர்ப்பையும் ஒத்துவராது. பெரிய தொட்டி, மேலே இலைச் சருகு மூடாக்கு, காராமணி அல்லது கொடிப்பசலை. வாடகை வீடானால் சுவரில் ஓட்டை போடும் எதையும் விட்டுவிட்டு, தன் காலில் நிற்கும் கூடார வலையோ படித்தட்டோ எடுங்கள். குனிய முடியாதவர்களுக்கு இடுப்பு உயரப் படித்தட்டும், தோள் உயரத்தோடு நுனி கிள்ளிய கொடியும் பெரிய உதவி. குழந்தைகள் இருக்கும் வீட்டில் பீன்ஸ் போடுங்கள்; முளைத்து ஏறுவது கண்ணுக்குத் தெரியும் வேகத்தில் நடக்கும்.

எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் வைத்துப் பார்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம். ஆறு விதச் சாதனத்துக்கு ஆறு விதத் தண்ணீர் நேரம் வரும், அதிலேயே அலுத்துப்போகும். முதல் பருவத்துக்கு ஒரு தொட்டி, ஒரு வலை போதும். அது காய்க்கிற நாளில் அடுத்ததை யோசிக்கலாம்.

என் 24 பைத் துணியைத் தூக்கிப் போடவில்லை. அதே சுவரில், இப்போது இரண்டே ஆணியில் தொங்குகிறது. கத்தரிக்கோல், சணல் உருண்டை, விதைப் பொட்டலம், பழைய துணித் தூளிகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. கீழ் வரிசையில் மட்டும் எப்படியோ விழுந்த ஒரு பாகல் விதை முளைத்தது. இரண்டு நாள் பார்த்துவிட்டு, தோண்டி எடுத்துத் தரைத்தொட்டிக்கு மாற்றினேன். இன்று அது வலையின் நாலாவது கண்ணில் நிற்கிறது.